45 கிலோமீட்டர் இரண்டரையாகச் சுருங்கினால்...

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கமும் புதுச்சத்திரமும் கடந்து, பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்காரர்கள் இறங்கிக்கொள்ள, பேருந்து வெள்ளாற்றைத் தாண்டி ஊரை நெருங்கும். தொலைவில் விரல் நகமளவு தெரிந்த ஏழுநிலைக் கோபுரங்கள், அருகில் செல்லச் செல்ல நாற்பது மீட்டருக்கும் மேலாக ஓங்கி நிற்கும். அந்த உயரத்தை நமக்கு உணர்த்துவது கண் மட்டுமன்று. கடந்து வந்த நேரமும்தான்.

இன்று சபுர் சென்ற வாப்பாமார்கள் பிள்ளைகளுக்கு அனுப்பும் பொருள்களுள் மெய்நிகர் கண்ணாடியும் ஒன்றாகிவிட்டது. அதை அணிந்தால் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் அமரலாம், விமானத்தையும் ஓட்டலாம். பார்ப்பது படம் என்ற எண்ணமே மறந்துபோகும். ஆனால் அங்குள்ள அளவுகள் உண்மையானவையா?

இதன் அடிப்படை பழையது. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டினால் மூளை அவற்றை ஒன்றிணைத்து ஆழத்தை உணரும் என்பதை 1838இலேயே சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிவிட்டார். பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. விளையாட்டினுள் இருக்கும் இரு கற்பனைக் கேமராக்களும் அதே இடைவெளியில் இருந்தால் கோபுரம் கோபுரமாகவே தெரியும். அவ்விடைவெளியைப் பத்து மடங்காக்கினால், நாற்பது மீட்டர்க் கோபுரம் நான்கு மீட்டர் பொம்மையாகிவிடும். கண்மட்டத்தை உள்ளதைவிட உயர்த்தி வைத்தாலும் எதிரிலுள்ளவை சிறுத்துப்போகும்.

சிறுவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. குவெஸ்ட் 2 கண்ணாடியில் இருந்தவை 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே நிலைகள். சிறு பிள்ளைகள் பலருக்குக் கண்ணிடைவெளி 58க்கும் குறைவு. மெட்டா நிறுவனமோ 13 என்றிருந்த வயது வரம்பை, பெற்றோர் கண்காணிக்கும் கணக்கோடு, 2023இல் 10 ஆகக் குறைத்தது. வணிகர்கள் வயதைக் குறைக்கலாம். கண்களின் இடைவெளியைக் கூட்ட முடியுமா?

அளவுகள் எல்லாம் பொருந்தியிருந்தாலும் குறை முற்றிலும் தீர்வதில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, மெய்நிகர் உலகில் மக்கள் தூரத்தைச் சராசரியாக முக்கால் பங்காகவே மதிப்பிடுகின்றனர். பார்வைப்புலம் குறுகியிருப்பதும், தலையில் சுமக்கும் பாரமும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் சில. அண்மைக்காலக் கருவிகளில் இப்பிழை குறைந்துள்ளது, அடியோடு ஒழிந்துவிடவில்லை.

இனிச் சாலைக்கு வருவோம். 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்னும் புகழ்பெற்ற லாரி விளையாட்டில், நகரங்களுக்கு வெளியே நிலப்படம் 19இல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டுள்ளது. லாரியும் பாலமும் உண்மை அளவில் இருக்கும். இடைப்பட்ட தூரம் மட்டும் சுருங்கும். நம் கடலூர்ச் சாலையை அவ்வாறு சுருக்கினால் இரண்டரைக் கிலோமீட்டர்கூடத் தேறாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் இரண்டரை நிமிடத்திற்குள் சிதம்பரம் வந்துவிடும். விளையாட்டின் கடிகாரமோ முக்கால் மணி நேரம் கழிந்ததாகக் காட்டும்! ஆலப்பாக்கத்தில் கண்ணயர்ந்து புதுச்சத்திரத்தில் விழிக்கும் பேறு அந்தப் பயணிக்கு இல்லை.

விளையாட்டு என்ற அளவில் இதில் குற்றம் காண்பதற்கில்லை. முக்கால் மணி நேரம் வெறும் சாலையைப் பார்த்திருக்க எந்தப் பிள்ளை இசையும்? ஆனால் அதே பழக்கத்தோடு இருசக்கர வண்டியில் ஏறும் இளைஞன், எதிரே வரும் பேருந்து தன்னை எத்தனை நொடிகளில் எட்டும் என்று கணிக்க வேண்டியிருக்கிறதே!

உங்கள் வீட்டிலும் அக்கண்ணாடி இருந்தால், பிள்ளை அதைக் கழற்றியதும் முற்றத்திலிருந்து தெருமுனை எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள். பிறகு இருவருமாக நடந்து அளந்து பாருங்கள்.