ஒட்டவிடாத ஒளி

லேசர் என்றால் சுடுவதும் அறுப்பதும்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வேறொரு வேலையைச் சொல்கிறேன்: மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுப்பது.

சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு வாயுவை நிறைய ஆர்கானுடன் கலந்து, ஊசித்துளை போன்ற வாய் வழியாக வெற்றிடத்துக்குள் பீய்ச்சுகிறார்கள். விரியும் வேகத்தில் வாயு கடுங்குளிராகிறது. குளிர்ந்த மூலக்கூறுகள் ஆர்கான் அணுக்களோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகின்றன. கனமான கொத்துகள் கற்றையின் நடுவே நேராகப் பறக்கும். ஒட்டாமல் தனித்து நின்ற மூலக்கூறுகளோ எடை குறைவு என்பதால் ஓரங்களுக்குச் சிதறும்.

சல்ஃபரில், அதாவது கந்தகத்தில், 32, 34 என்று எடையில் வேறுபடும் இரண்டு முக்கிய ஐசோடோப்புகள் உண்டு. வேதியியலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். ஆனால் அவற்றைக் கொண்ட மூலக்கூறுகள் அதிரும் அதிர்வெண்ணில் ஏறத்தாழ 2 சதவீத வேறுபாடு இருக்கிறது. சுமார் 10.6 மைக்ரான் அலைநீளத்தில் இயங்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 32-க்கு உரிய அதிர்வெண்ணில் வைத்துத் துளையின் வாயிலேயே பாய்ச்சினால், அந்த மூலக்கூறு மட்டும் ஒளியை வாங்கி அதிரத் தொடங்கும். உப்புமாவில் கொதியும் கிளறலும் நிற்காதவரை ரவை கட்டி தட்டாது என்று என் அம்மா சொல்வார். அதிரும் மூலக்கூறும் அப்படித்தான், எளிதில் ஒட்டாது. 34 கொத்தாகி நடுவே செல்ல, 32 ஓரம் ஒதுங்குகிறது. கூம்பு வடிவத் தகடொன்றின் நுனித்துளை நடுப்பகுதியை மட்டும் உள்ளே விடுகிறது. அவ்வளவுதான், பிரித்தாயிற்று.

இதில் நான் வியப்பது சிக்கனத்தை. 1975-இல் மாஸ்கோ அருகே திரோய்த்ஸ்க் நகரில் இயற்பியலாளர் லெதொக்கோவின் குழு இதே மூலக்கூறை லேசரால் உடைத்து ஐசோடோப்புகளைப் பிரித்துக் காட்டியது. அதற்கு ஒவ்வொரு மூலக்கூறும் முப்பதுக்கும் மேற்பட்ட ஃபோட்டான்களை விழுங்க வேண்டும். ஏனெனில் கந்தகம்–ஃப்ளோரின் பிணைப்பின் வலு ஏறக்குறைய 4 எலக்ட்ரான் வோல்ட், ஒரு ஃபோட்டானிடம் இருப்பதோ 0.12 மட்டுமே. கொத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிடிப்போ அந்த ஒரு ஃபோட்டானின் ஆற்றலைவிடவும் பலவீனமானது. ஆகவே ஒட்டாமல் தடுக்க ஒரே ஒரு ஃபோட்டான்கூடப் போதும். அதே திரோய்த்ஸ்க் ஆய்வகத்தில் மகாரோவின் குழு இவ்வழியைத்தான் பின்னாளில் விரிவாக ஆராய்ந்தது.

இந்த அறிவுக்கு ஆபத்தான பக்கமும் உண்டு. 16 மைக்ரான் அலைநீளத்துக்குப் போனால் யுரேனியத்தைச் செறிவூட்ட லேசரைப் பயன்படுத்தலாம். அதற்கென ஆஸ்திரேலியாவில் உருவான சைலெக்ஸ் முறையை 2001-இல் அமெரிக்கா இரகசியப் பட்டியலில் வைத்தது. மறுபுறம், வயிற்றுப்புண் கிருமியை மூச்சைக் கொண்டே கண்டறியும் ஒரு சோதனைக்கு கார்பன்-13 தேவை. அதுவும் பிரித்தெடுத்த ஐசோடோப்புதான். ஆனால் லேசர் பிரிப்பு என்றதும் அரசுகளுக்கு முதலில் நினைவு வருவது யுரேனியம். மூலக்கூறு எதுவானாலும் இயற்பியல் ஒன்றுதான். எதற்குச் செலவிடுவது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். நோயாளிக்குப் பயன்படும் பக்கத்துக்கும் அதே பணமும் அதே பொறுமையும் கிடைக்க வேண்டும். அதை வலியுறுத்த அறிவியல் பட்டம் தேவையில்லை, அக்கறை போதும்.