மிதவையை எங்கே போடுவது?

2010 ஏப்ரல் 20 இரவு, மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்துப் 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் வாய் திறந்த கிணறு 87 நாட்கள் எண்ணெயைக் கக்கியது. அமெரிக்க அரசின் கணக்கில் சுமார் 49 லட்சம் பீப்பாய். கரையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே கேள்வி: எண்ணெய் நாளைக்கு எங்கே இருக்கும்? மே மாத நடுவில் படலத்திலிருந்து ஒரு நீண்ட வால் திடீரென்று தென்கிழக்கே இழுபட்டபோது, ஃப்ளோரிடா முழுவதும் கவலை பரவியது.

கடலின் போக்கைக் கணிக்கும் கணினி மாதிரிகள் அப்போதும் இருந்தன. செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தின் மேடு பள்ளங்களை அளக்கும். அதைக் கொண்டு நூறு கிலோமீட்டர் அகலச் சுழல்களை மாதிரி ஓரளவு சரியாகவே காட்டிவிடும். ஆனால் எண்ணெயைப் பிய்த்துச் சிதறடிப்பவை சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரையிலான சின்னச் சுழல்கள். அவை அந்த அளவீடுகளில் பதியாது. தண்ணீரிலேயே எதையாவது போட்டுத் தொடர்ந்து போனால்தான் உண்டு.

அப்படிப் போடுவதுதான் மிதவை. நங்கூரம் கிடையாது. மேலே ஒரு ஜிபிஎஸ் கருவி. நீருக்குள் சிலுவைபோல விரியும் நான்கு சிறு பாய்கள். காற்று தள்ளுகிற பக்கம் போகாமல், நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தோடு போக அந்தப் பாய்கள்தான் பிடித்துவைக்கின்றன.

மெக்சிகோ வளைகுடாவின் பரப்பு சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர். 300 மிதவைகளைச் சமமாகப் பரப்பினால் ஒவ்வொன்றுக்கும் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும். சின்னச் சுழல்களைப் பிடிக்க அது எந்த மூலைக்கும் போதாது. எத்தனை மிதவை என்பதைவிட எங்கே போடுவது என்பதே பெரிய கேள்வி.

குடகு மலையின் முகட்டில் விழும் இரண்டு மழைத்துளிகளை நினைத்துப் பாருங்கள். சாண் அளவு தள்ளி விழுந்தாலும் ஒன்று மேற்கே அரபிக்கடலுக்கும், மற்றது காவிரியோடு வங்கக்கடலுக்கும் போய்விடலாம். கடல்நீரிலும் இப்படிப்பட்ட முகடுகள் உண்டு. நீர் இரு திசையிலிருந்து வந்து மோதி, வேறு இரு திசைகளில் பிரிந்துபோகும் இடங்கள் அவை. மலைமுகடு அசையாது, இவை நாளுக்கு நாள் நகரும். கண்ணுக்கும் தெரியாது. மாதிரியை ஓட்டி, கோடிக்கணக்கான கற்பனைத் துளிகளைப் பின்தொடர்ந்தால் எங்கே அருகருகே இருந்தவை வேகமாகப் பிரிகின்றன என்று தெரியும். அங்கே போடும் மிதவைகள் குறைந்த எண்ணிக்கையிலேயே நிறைய கடலைச் சுற்றிவரும் என்று ஆண்ட்ரூ போஜேவும் சகாக்களும் 2002இல், இதே வளைகுடாவின் மாதிரியைக் கொண்டு காட்டினார்கள்.

மாதிரி சரியா என்று பார்க்கப் போடும் மிதவையை மாதிரி காட்டும் இடத்திலேயே போடலாமா? நியாயமான சந்தேகம். கப்பலை எங்கே நிறுத்துவது என்பதை மட்டுமே மாதிரி சொல்கிறது. நீரில் விழுந்த நொடியிலிருந்து மிதவை கடலின் பேச்சைத்தான் கேட்கும். கணித்த முகடு பல கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். ஆகவே ஒற்றை மிதவையை நம்பாமல் கொத்தாகப் போடவேண்டும். மாதிரி ஒன்றுமில்லை என்று கைவிரிக்கும் இடங்களிலும் சிலவற்றைப் போடவேண்டும் என்பது என் கருத்து. அது தவறுவது அங்கேயாகவும் இருக்கலாம்.

2012 ஜூலையில், விபத்து நடந்த இடத்தின் அருகே மயாமி பல்கலைக்கழகத்தின் தமாய் ஓஸ்கோக்மென் தலைமையிலான குழு சுமார் 300 மிதவைகளை இறக்கியது. மூன்று மூன்றாக, 100 மீட்டர் இடைவெளியில் தொடங்கிப் பல கிலோமீட்டர் வரை அடுக்கிய வரிசை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தைச் சொன்னது. சிறிய தொலைவுகளில், செயற்கைக்கோள் தரவை நம்பிய கணிப்புகள் சொன்னதைவிட நீர் மிக வேகமாகப் பிரிகிறது என்று தெரிந்தது.

2016 ஜனவரி, பிப்ரவரியில் மறுபடியும் போனார்கள். இந்தமுறை சுமார் 1,000 மிதவைகள். இத்தனையையும் கடலில் விட்டுவிட்டு வருவது உறுத்தும் காரியம். அதனால் பெரும்பகுதி மட்கும் பொருளால் செய்யப்பட்டவை. அந்த அக்கறைக்காகவே இந்தக் குழுவைப் பாராட்டவேண்டும். இருபதுக்கு இருபது கிலோமீட்டர் சதுரத்தில் சுமார் 200 மிதவைகளைப் பரப்பிவைத்தார்கள். சிதறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு வாரத்துக்குள் அவற்றில் பாதிக்கு மேல், அறுபதுக்கு அறுபது மீட்டர் இடத்தில் வந்து கூடிவிட்டன.

காரணம் எளிது. மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் இலேசான நீரும் கடலின் கனத்த நீரும் சந்திக்கும் கோட்டில், கனத்த நீர் அடியில் நழுவி இறங்குகிறது. மிதப்பது இறங்க முடியாது; மழைநாளில் மதகுக் கம்பியில் சருகு அடைவதுபோல மேலேயே தேங்கும். எண்ணெயும் மிதப்பதுதான். அள்ளும் படகுகள் போகவேண்டிய இடம் அந்தக் கோடு.

2017 ஜனவரி 28இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது, கரையில் தேங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளிகளால் அள்ளியதைப் பார்த்தோம். அடுத்தமுறை கசிவு நடந்த இடத்துக்குப் போகும் முதல் படகிலேயே, மாதிரி குறித்துக்கொடுத்த இடங்களோடு, ஒரு பத்து மிதவைகளும் போகட்டும்.