அட்டை ஜோர்... கவர் எங்கே? காரைக்காலில் வீட்டிலேயே தயாராகும் "காகிதச் சட்டை"

காரைக்கால்:

வாழ்த்து அட்டை ரெடி. வண்ணம் பூசியாச்சு, ஜிகினா ஒட்டியாச்சு, உள்ளே நாலு வரி எழுதியும் ஆச்சு. கவர்? அங்கேதான் வந்தது வினை!

பாரதியார் சாலைப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடை. வெளியே மழை "சோ"வென்று கொட்டிக் கொண்டிருந்தது. தாயும் மகளுமாக இரண்டு பேர் நனைந்தபடி உள்ளே ஓடி வந்தார்கள். சிறுமிக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்த அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கரும்பும் பொங்கல் பானையும் வரைந்து, பானைக் கழுத்தில் நிஜ நூலால் மஞ்சள் கொத்து கட்டிய அட்டை. பாரீசில் இருக்கும் அத்தைக்காம்.

"அண்ணே, இதுக்குத் தோதா ஒரு கவர் குடுங்க" என்றார் தாய்.

கடைக்காரர் நீளக் கவரை எடுத்தார்; அட்டை நுழையவில்லை. பெரிய கவரை எடுத்தார். உள்ளே போட்டு ஆட்டினால் அட்டை "கடகட"வென்று உருண்டது.

"பேசாம நடுவுல ஒரு மடி மடிச்சுடு பாப்பா. இந்தக் கவர்லயே போயிரும்" என்றார் கடைக்காரர்.

"மடிச்சா பானை உடைஞ்சிடும் மாமா!" சிறுமிக்குக் கண் கலங்கி விட்டது.

"சட்டை தைக்கிற மாதிரிதாம்மா!"

மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பெரியவர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பைண்டிங் வேலையில் தலை நரைத்தவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லி விட்டார்.

"கடையில கவரைத் தேடுறதே தப்பும்மா. ரெடிமேட் சட்டை எல்லாருக்குமா சேருது? அளவெடுத்துத் தச்சா சேரும். கவரும் அதே மாதிரிதான். இறுக்கியும் இருக்கப்படாது, தொளதொளன்னும் இருக்கப்படாது" என்றவர், கடைக்காரரிடம் ஒரு ஏ4 தாளும் ஸ்கேலும் வாங்கிக் கொண்டு வேலையைத் தொடங்கி விட்டார்.

அட்டை 10 செ.மீ. உயரம், 15 செ.மீ. அகலம். கவருக்குள் இருக்கும் இடம் இதைவிட அரை செ.மீ. கூடுதலாக, அதாவது 10.5க்கு 15.5 இருந்தால் போதுமாம். தாளின் நடுவில் இந்த அளவில் பென்சிலால் ஒரு பெட்டி. இடமும் வலமும் 2 செ.மீ. காது. கீழே 9 செ.மீ. மடிப்பு. மேலே 5 செ.மீ. மூடி. மொத்தம் 19.5க்கு 24.5 செ.மீ. ஏ4 தாள் 21க்கு 29.7 அல்லவா? ஒரு தாளில் ஒரு கவர் தாராளமாக வந்து விடுகிறது.

நாலு மூலையையும் வெட்டி எறிந்தார். காதுகளின் ஓரத்தைச் சற்றே சாய்வாக நறுக்கினார். ("நேரா விட்டா மடிக்கும்போது இடிக்கும்" என்றார்.) ஸ்கேலை வைத்து, எழுதாத பால்பென் முனையால் கோட்டின் மேல் ஒரு இழு. பிறகு மடித்தால் மடிப்பு கத்தி போல விழுகிறது! காதுகளை உள்ளே மடித்து, அவற்றின் மேல் மட்டும் பசை தடவி, கீழ் மடிப்பை மேலே தூக்கி ஒட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சதுர அட்டைக்கு வழி இன்னும் சுலபம். 12 செ.மீ. சதுர அட்டை என்றால் 20 செ.மீ. சதுரத் தாள். தாளை வைர வடிவில் திருப்பிப் போட்டு, அட்டையை நடுவில் வைத்து நாலு முனையையும் உள்ளே மடிக்க வேண்டியதுதான். நாலும் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கொள்ளும். பிள்ளைகள்கூடச் செய்து விடலாம்.

எந்தத் தாளையும் மடிப்பதற்கு முன் அதன் "ஓட்டம்" பார்க்க வேண்டும் என்கிறார்கள் பைண்டிங்காரர்கள். பழைய பேப்பரைக் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கோடு போட்டாற்போல் நேராகக் கிழியும்; மறு பக்கம் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிகிற திசைதான் ஓட்டம். நீள மடிப்பு அந்தத் திசையில் விழுந்தால் தாள் வெடிக்காது.

மழைதான் வில்லன்!

நம்மூரில் ஒரு சங்கடம். புது வருஷ வாழ்த்தும் பொங்கல் வாழ்த்தும் தயாராக வேண்டிய காலம் கார்த்திகை, மார்கழி. வடகிழக்குப் பருவமழைக் காலமும் அதுவே. போதாக்குறைக்குக் கடற்காற்று வேறு. அப்பளம் நமுத்துப் போகிற ஊரில் கவர் மட்டும் விறைப்பாகவா நிற்கும்?

மூடியில் முன்கூட்டியே பசை தடவிக் காயவைத்து அடுக்கி வைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். ஈரக் காற்றில் அது தானாக ஒட்டிக் கொண்டு, திறக்கப் போனால் கிழியும். மூடிக்குப் பசை தபாலில் போடுகிற அன்று மட்டும்தான்.

மைதா பசை மலிவு. ஒரு கரண்டி மாவுக்கு ஐந்தாறு கரண்டி தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில் கண்ணாடி போல் வரும் வரை கிண்ட வேண்டும். ஆனால் மழைக் காலத்தில் இரண்டு நாளில் புளித்துப் பூசணம் பிடித்து விடும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். வீட்டில் வேண்டவே வேண்டாம், அதிலும் மூடியை நாக்கால் நனைக்கிற பழக்கம் உள்ள வீட்டில்! கருவேலம் பிசினை ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு வடிகட்டினால் நல்ல கோந்து கிடைக்கும். இல்லையென்றால் கடையில் விற்கும் ஸ்டிக் கோந்தே போதும். அதில் ஈரம் குறைவு.

ஒட்டிய கவர்களுக்கு நடுவே பழைய பேப்பரை வைத்து, மேலே ஒரு கனமான புஸ்தகத்தை ஏற்றி ராத்திரி முழுக்க விட வேண்டும். இதைச் செய்யாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பள்ளிக்கூட நாளில் நண்பனுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினேன். பசையை வாரிப் பூசி, ஈரத்தோடு அட்டையை உள்ளே தள்ளினேன். கவரும் அட்டையும் ஒன்றாகி விட்டன. "வாழ்த்து கிடைச்சுது. ஆனா பாதிதான் படிக்க முடிஞ்சுது" என்று பதில் போட்டான்!

கவர் பிறந்த கதை

கவர் என்பதே முதலில் வீட்டுச் சரக்குதான். இங்கிலாந்தில் 1840-க்கு முன் எத்தனை தாள் என்று எண்ணித் தபால் கட்டணம் வாங்கினார்கள். கவர் போட்டால் அதுவும் ஒரு தாளாகி விடும் என்று பயந்து கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள். எடைக் கணக்கு வந்த பிறகுதான் கவருக்கு யோகம் அடித்தது. ஹென்றி கோல் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிட்டு விற்றது 1843-ல். கவர் மடிக்கும் மெஷினுக்கு எட்வின் ஹில், டி லா ரூ இருவரும் காப்புரிமை பெற்றது 1845-ல். அதுவரை எல்லாமே கை மடிப்புதான்.

காரைக்காலுக்கும் தபாலில் ஒரு தனிக் கதை உண்டு. இங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. 1923 முதல் பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளில் விலை ரூபாய் அணாவில் இல்லை. பணம், காசுக் கணக்கில் இருந்தது. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியதோடு அந்தக் கணக்கு போயிற்று. பிரான்சில் சொந்தபந்தம் உள்ள வீடுகள் மட்டும் இன்றும் இங்கே பல.

அவர்களுக்கு ஒரு நல்ல சேதி. பிரெஞ்சு வழக்கப்படி புது வருஷ வாழ்த்தை ஜனவரி மாதம் முழுக்க அனுப்பலாம். ஜனவரி 1 தாண்டி விட்டதே என்று அட்டையைப் பரணில் போட வேண்டாம்.

நல்ல தாள் வேண்டுமென்றால் அதுவும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் கைக்காகிதம் தயாராகிறது. மரத்தில் இருந்து அல்ல, பருத்தித் துணிக் கழிவில் இருந்து! துணியைக் கூழாக்கி, சல்லடையில் தாள் தாளாக அள்ளி, அழுத்தி உலர்த்துகிறார்கள். பூ இதழ் பதித்த தாளும் உண்டு. அட்டைக்கு அது அபாரம். கவருக்கு மெல்லியதாகப் பார்த்து வாங்க வேண்டும். கனமான தாள் மடிப்பில் முரண்டு பிடிக்கும்.

எடை எவ்வளவு?

80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். அதில் வெட்டிய கவர் 4 கிராமுக்குள். 250 ஜி.எஸ்.எம். அட்டை, 10க்கு 15 அளவில் இரட்டையாக மடித்தது, ஏழரை கிராம். ஆகப் பன்னிரண்டு கிராம்கூட இல்லை. சாதாரணக் கடிதத்தின் முதல் படி 20 கிராம். கல், மணி, சமிக்கி என்று ஏற்றினால்தான் ஆபத்து. எடையும் எகிறும், தபால் முத்திரைக் குத்தில் கல் நொறுங்கி கவரும் பொத்தலாகும்.

ரொம்பச் சின்னதாகவும் செய்யக் கூடாது. சர்வதேசக் கடிதத்துக்குக் கவர் 9க்கு 14 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

அனுப்புகிறவர் விலாசத்தில் பின்கோடு கவனம்! 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த பின்கோடு முறையில் புதுச்சேரி 605001. ஆட்சி அதுதானே என்று நாமும் 605 போட்டால் கவர் சுமார் 130 கிலோ மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். காரைக்கால் 609602, மயிலாடுதுறையோடு சேர்ந்த எண். எழுதுவது பால்பென்னால் இருக்கட்டும். மைப்பேனா மழையில் அழுது வடியும்.

மறுபடி அந்தக் கடைக்கு வருவோம். பெரியவர் சொல்லச் சொல்ல, இரண்டாவது கவரைச் சிறுமியே மடித்தாள். காது ஒன்று சற்றுக் கோணல். "பரவாயில்ல, அத்தைக்கு இதுதான் பிடிக்கும்" என்றார் பெரியவர். நாக்கைத் துருத்திக் கொண்டு விலாசம் எழுதினாள். ஸ்டிக் கோந்தை மூடியில் தேய்த்து, அழுத்தி ஒட்டினாள்.

"ஐயா, உங்களுக்கு என்ன தரணும்?" என்று தாய் கேட்க, பெரியவர் கையை ஆட்டி விட்டு மழையைப் பார்க்கத் திரும்பினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று கடைக்காரர் மேஜையைச் சுட்டிக் காட்டினார். "பாப்பா, கவரை ஒட்டிட்டே. அட்டை இங்கேயே கிடக்குதே!"

பெரியவர் சிரித்துக் கொண்டே இன்னொரு ஏ4 தாளுக்குக் கையை நீட்டினார்.