பள்ளி திறந்த முதல் மாதத்தில் பெற்றோர் கேட்க வேண்டியவை

2012 ஜூலை 25 அன்று மாலை, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்து எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை பள்ளி வளாகத்திலிருந்த கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்துப் போயிருந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பு, 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்துத் தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் கருகினார்கள்.

ஓட்டை, துருப்பிடித்த மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் கீற்றுக்கூரை. மூன்றுமே கண்ணில் படும் இடத்தில் இருந்தவை. கண்ணில் பட்டதை உரியவரிடம் எழுத்தில் கொடுத்து, சரிசெய்யும்வரை விடாமல் கேட்கும் பழக்கம் நம் பெற்றோரிடம் இல்லை. சீருடைக்கும் ஷூவுக்கும் அலைகிற அலைச்சலில் கால்வாசியை இதற்குக் கொடுத்தால் போதும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் ஆபத்தை ஆபத்து என்று சொல்லத் தெரியாதவர்கள். அவர்களுக்காக நாம்தான் கேட்டாக வேண்டும்.

முதலில் வண்டி. முடிச்சூர் மரணத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அதையடுத்து, பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தமிழக அரசு 2012இல் சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாளர் எல்லாம் கட்டாயம். ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையில் ஆர்.டி.ஓ., காவல்துறை, கல்வித்துறை அதிகாரிகள் கூட்டாக இந்த வண்டிகளைச் சோதிக்கிறார்கள். ‘எங்கள் பிள்ளை ஏறும் வண்டி இந்த ஆண்டுச் சோதனையில் தேறியதா?’ என்று பள்ளியில் கேட்பது உங்கள் உரிமை.

2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில், வேனிலிருந்து இறங்கிய இரண்டாம் வகுப்புச் சிறுவன், விட்டுவந்த பொருளை எடுக்கத் திரும்பிப் போனபோது பள்ளி வளாகத்திலேயே அதே வேன் ஏறி இறந்தான். அதன்பிறகு முன்னும் பின்னும் கேமராவும், பின்பக்கம் சென்சாரும் கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் கேமராவைவிட முக்கியம், இறங்கிய பிள்ளை வாசலைத் தாண்டும்வரை வண்டி நகராமல் நிற்பது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் பிள்ளையின் வண்டியில் இருக்கிறாரா என்று ஒரு நாள் மாலை நின்று பாருங்கள். ‘டிரைவர் அண்ணனே பார்த்துக்குவார்’ என்று பதில் வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்டீயரிங்கில் இருப்பவருக்குச் சக்கரத்தடியில் குனிந்திருக்கும் பிள்ளை தெரியாது.

பெரும்பாலான குடும்பங்களுக்குப் பள்ளிப் பேருந்து கட்டுப்படியாகாது. தெருக்காரர்கள் சேர்ந்து அமர்த்தும் வேனும் ஆட்டோவும்தான். அங்கே பள்ளி பொறுப்பேற்காது, சோதனைக்கும் அந்த வண்டி வராது. அதனால் சோதிக்கும் வேலை அமர்த்துகிற நம்முடையது. வண்டி எண்ணைக் கொண்டு எம்பரிவாகன் செயலியில் எஃப்.சி.யும் இன்சூரன்சும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். வெள்ளை போர்டு சொந்த வண்டியில் காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றினால், விபத்து நேர்ந்த பிறகு இழப்பீடு தர இன்சூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்ய இடமுண்டு. மாதம் இருநூறு முந்நூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக டிரைவர் மடியில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கும் ஆட்டோவை ஏற்காதீர்கள். இருசக்கர வண்டியில் கொண்டுவிடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். பள்ளி இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் சரி.

அடுத்தது கட்டடம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்தார்கள். ஆய்வு வரும், போகும். விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டதா, சம்ப் மூடி பூட்டியிருக்கிறதா, செப்டிக் டேங்க் மூடி ஒரு பிள்ளை ஏறிக் குதித்தால் தாங்குமா, பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் ஸ்விட்ச் போர்டு திறந்து கிடக்கிறதா என்று பெற்றோர் நான்கு பேர் ஒரு காலையில் சுற்றிவந்தாலே தெரிந்துவிடும். தனியார் பள்ளி என்றால், அங்கீகாரத்துக்குக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் வேண்டும். அவை இந்த ஆண்டும் நடப்பில் உள்ளனவா என்று கேளுங்கள். கட்டணம் கட்டுகிறவர் கேட்கக் கூடாத கேள்வி அல்ல அது.

கழிப்பறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், நிறைய. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலைவலி என்று அது வேறு பெயரில் வீட்டுக்கு வரும். காலையில் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். ‘ஸ்கூல்ல பாத்ரூம் போனியா?’ என்று கேளுங்கள்.

உடல்நலத்தில் பலர் தவறவிடுவது ஐந்து, ஆறு வயதில் போடும் டி.பி.டி. இரண்டாம் ஊக்கத் தடுப்பூசி. கைக்குழந்தையாக இருக்கும்போது அட்டையைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பம், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது அதை மறந்துவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை இலவசமாகப் போடுவார்கள். அரசு அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. அதனால் தாடை வீங்கும் அந்தக் காய்ச்சல் வகுப்பு வகுப்பாகப் பரவுகிறது. வீக்கம் தொடங்கி ஐந்து நாள் பிள்ளையை வீட்டில் வையுங்கள். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை. வேப்பிலை கட்டுவது வீட்டு வழக்கம், இருக்கட்டும். மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுபுரூஃபனும் கூடாது. டெங்குவில் ஏமாற்றுவது ஒன்று உண்டு: காய்ச்சல் இறங்கும் நாள்களில்தான் ஆபத்து கூடுகிறது. சூடு குறைந்துவிட்டதே என்று பள்ளிக்கு அனுப்பும் அன்றுதான் வயிற்றுவலி, தொடர் வாந்தி, கை கால் சில்லிடுதல், எழுந்திருக்க முடியாத சோர்வு வரலாம். அப்படியென்றால் நேரே மருத்துவமனை. 104க்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும், ஆம்புலன்சுக்கு 108.

வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, சர்க்கரை, ஏதாவது ஓர் உணவு அல்லது மருந்து ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் அதை மறைக்கவே கூடாது. சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். வகுப்பு மிஸ்ஸிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: என்ன நோய், வந்தால் எப்படித் தெரியும், உடனே என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும். பத்து வரி போதும். அரசுப் பள்ளிகளுக்கு நடமாடும் மருத்துவக் குழு வந்து கண், காது, பல், இதயம் பார்க்கிறது. குறை கண்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறது. குழு வரும் நாளை எச்.எம்.மிடம் கேட்டு, அன்று பிள்ளையை லீவு போடவிடாதீர்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்று ஒதுக்கிய வகுப்புகள் எத்தனையோ. அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு ஓடும் பிள்ளைக்கு அது பெரிய காரியம், கூச்சப்படாமல் அனுப்புங்கள்.

இனி, பேசத் தயங்குகிற விஷயம். பிள்ளையின் உடலை யாராவது தவறாகத் தொட்டால், காட்டச் சொன்னால், படம் எடுத்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். 18 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே சட்டம்தான். இப்படி நடந்தது என்று தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம்: ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. ஆகவே ‘பள்ளிக்குள்ளேயே விசாரிச்சு முடிச்சிடலாம்’ என்று யார் சொன்னாலும் அது சட்டவிரோதம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்கு வராது.

பயம் பெரும்பாலும் காவல் நிலையத்தைப் பற்றியது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல், பெற்றோரையோ பிள்ளை நம்பும் ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்க வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவே கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் சிகிச்சை தர முடியாது என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியின் பெயரையோ வெளியிடுவதும் தண்டனைக்குரியது. வாட்ஸ்அப் குரூப்பில் ‘எல்லாரும் ஷேர் பண்ணுங்க’ என்று அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எந்த நேரமும் அழைக்கக் குழந்தைகள் உதவி எண் 1098.

வீட்டில் செய்ய வேண்டியது, பிள்ளை சொன்னதும் நம்புவது. ‘அவர் அப்படிப்பட்டவர் இல்லையே’ என்ற ஒரு வாக்கியம் போதும், அந்தப் பிள்ளை மறுபடி வாயே திறக்காது. திரும்பத் திரும்பக் கேட்டு நோண்டவும் வேண்டாம். சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே குறித்துவையுங்கள்.

அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று பெற்றோரே சொல்லும் ஊர் நம்முடையது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் அந்தத் தடை போகாது. சாதி சொல்லித் திட்டுவது, வெயிலில் நிறுத்துவது, கழிப்பறை கழுவச் சொல்வது, கட்டணம் கட்டவில்லை என்று வகுப்புக்கு வெளியே உட்காரவைப்பது எல்லாமே புகாருக்கு உரியவை. அதே சட்டம் வயதுச் சான்று இல்லை, டி.சி. வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. டி.சி.யைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. போக்சோ எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும்.

யாரிடம் கேட்பது? அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், செப்டிக் டேங்க் மூடியைத் தீர்மானத்தில் எழுதவையுங்கள். தனியார் பள்ளியில் அப்படி ஒரு குழு இல்லாத இடத்தில் பெற்றோர் சேர்ந்து எழுத வேண்டும்.

மனு நீளமாக வேண்டாம். எந்த இடம், எந்தத் தேதி, என்ன பார்த்தோம், என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள். இரண்டு பிரதி. ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்த ரசீதே சாட்சி. பதில் வரவில்லையென்றால் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). அதற்கும் மேலே, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். கல்வித்துறையின் உதவி எண் 14417. பிள்ளையின் உரிமை மீறப்பட்டிருந்தால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம்.

‘கேட்டா நம்ம பிள்ளையைக் குறி வெச்சிடுவாங்க’ என்ற பயம் பொய்யல்ல. அதனால்தான் தனியாக எழுத வேண்டாம் என்கிறேன். பத்து வீட்டுக் கையெழுத்து உள்ள தாளில் எந்தப் பிள்ளையையும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் பொருந்தும் பள்ளி எதுவும், எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது என்பதையும் அந்த மனுவின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.