தானுந்துத் தொங்கலமைப்பு மரையாணிகளை இறுக்குதல்

தொங்கலமைப்பு அல்லது சஸ்பென்சன் என்பது தானுந்தின் உடற்பகுதியைச் சக்கரங்களுடன் இணைத்து, சாலையின் மேடு பள்ளங்களால் ஏற்படும் அதிர்வைத் தாங்கும் அமைப்பு ஆகும். இதன் உறுப்புகள் போல்ட் எனப்படும் மரையாணிகளால் பிணைக்கப்படுகின்றன. வீட்டில் இவ்வுறுப்புகளை மாற்றுவோர், மரையாணியை எவ்வளவு இறுக்குவது என்பதோடு, வண்டி எந்நிலையில் உள்ளபோது இறுக்குவது என்பதையும் அறிதல் வேண்டும்.

முறுக்கு விசை

இறுக்கப்படும் மரையாணி மிகச் சிறிதளவு நீள்கிறது. அது வில்லைப் போல மீளச் சுருங்க முயல்வதால் உறுப்புகள் அழுத்திப் பிடிக்கப்படுகின்றன. பிடிப்பு குறைந்தால் மரையாணி தளரும் அல்லது நாளடைவில் முறியும். மிகுந்தால் நிலையாக நீண்டு வலுவிழக்கும்.

பிடிப்பை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், டார்க் எனப்படும் முறுக்கு விசை டார்க் ரென்ச்சு கொண்டு அளக்கப்படுகிறது. 0.5 மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 200 நியூட்டன் விசையைச் செங்குத்தாகக் கொடுத்தால், முறுக்கு விசை 100 நியூட்டன் மீட்டர் ஆகும். இதில் ஏறத்தாழ 10 விழுக்காடே மரையாணியை நீட்டுகிறது. எஞ்சியது தலைப்பகுதியிலும் மரைகளிலும் உராய்வில் செலவாகிறது. எனவே, உலர்ந்த மரைகளுக்கு உரிய அளவை எண்ணெய் பூசிய மரைகளில் பயன்படுத்தினால் மரையாணி அளவுக்கு மீறி நீளும்.

ரப்பர் புஷ்

தொங்கலமைப்புக் கைகளின் மூட்டுகளில் பெரும்பாலும் ரப்பர் புஷ் இருக்கும். இது உள்ளும் புறமும் எஃகுக் குழல்களும், அவற்றிடையே ஒட்டப்பட்ட ரப்பரும் கொண்டது. மரையாணி இறுகியதும் உட்குழல் அசையாது நின்றுவிடும். அதன்பின் கை மேலும் கீழும் அசைவது ரப்பர் முறுகுவதால் மட்டுமே நிகழும்.

வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், அந்நிலையே ரப்பரின் முறுக்கற்ற நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் கை மேலெழுவதால் ரப்பர் நின்ற நிலையிலும் முறுகியே இருக்கும். இதனால் புதிய புஷ்ஷும் விரைவில் கிழியும். வண்டியின் உயரமும் சற்று மாறலாம். முறுக்கு விசை சரியாக இருந்தாலும் இக்குறை நீங்காது.

ஆகவே, முதலில் மரையாணிகளை இலேசாக மட்டும் இறுக்குதல் வேண்டும். பின்னர் வண்டியின் எடை சக்கரங்களில் அமருமாறு இறக்கி, சிலமுறை அமுக்கி விட்டு, குறித்த அளவுக்கு இறுக்குதல் வேண்டும். சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றினால் அடியில் வேலை செய்ய இடம் கிடைக்கும். தடையின்றிச் சுழலும் பந்து மூட்டுகளுக்கு இவ்விதி பொருந்தாது.

மறுபயன்பாடு

நைலான் வளையமுள்ள நட்டுகளைக் கழற்றினால் புதியவற்றையே பொருத்துதல் நன்று. குறித்த முறுக்கு விசைக்குப் பின் மேலும் ஒரு கோண அளவு திருப்பி இறுக்கப்படும் மரையாணிகள் பல, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்கவை. உரிய அளவுகளும் மாற்ற வேண்டியவையும் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

பாதுகாப்பு

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. அது மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் செல்லலாகாது. சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தூக்கிய பகுதியைத் தாங்குகால்களில் அமர்த்துதல் வேண்டும்.