குழந்தையின் பசியும் பெற்றோரின் பரிவும்

உடற்பருமன் மிகுதியாக உண்பதால் விளையும் கேடு என்பது பொதுவான கருத்து. ஆயின், எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை எங்ஙனம் கற்றுக்கொள்கிறது? இவ்வினாவின் ஆராய்ச்சிக்கே அமெரிக்க உளவியல் அறிஞர் லீயன் பர்ச் (1946–2019) தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். இல்லினாய், பென்சில்வேனியா மாநில, ஜார்ஜியா பல்கலைக் கழகங்களில் அவர் பணியாற்றினார்.

புதிய உணவைக் கண்டு குழந்தை முகம் சுளிப்பது இயல்பு. 1982-இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகள் சில இரண்டே முறையும், வேறு சில இருபது முறை வரையிலும் கொடுக்கப்பட்டன. அடிக்கடி சுவைத்த உணவுகளையே குழந்தைகள் பின்னர் விரும்பி எடுத்தன. ஆகவே, முதல் நாளில் ஒதுக்கிய கீரையோ காயோ என்றென்றும் வெறுக்கப்பட்டது அன்று. அது இன்னும் பழகாதது மட்டுமே.

குழந்தைக்குள் பசியை அளக்கும் திறன் இயற்கையாகவே அமைந்துள்ளது. இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள 15 குழந்தைகள் ஆறு நாட்கள் உண்ட உணவைப் பர்ச்சும் உடன் பணியாற்றியோரும் அளந்தனர். ஒவ்வொரு வேளையிலும் உட்கொண்ட கலோரிகளின் அளவு சராசரியாக 33.6 சதவிகிதம் ஏறி இறங்கியது. ஒரு நாளின் மொத்த அளவோ 10.4 சதவிகிதமே மாறியது. ஒரு வேளை குறைவாக உண்ட குழந்தை அடுத்த வேளையில் அதனை ஈடு செய்துகொண்டது. இம்முடிவு 1991-இல் வெளியாயிற்று.

எனினும், இத்திறன் எளிதில் மங்கக்கூடியது. தட்டில் உள்ளதைக் காலி செய்யுமாறு கூறிப் பரிசும் அளித்தபொழுது, குழந்தைகள் தம் வயிற்றின் குறிப்பை மறந்து மிகுதியாக உண்டதை 1987-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தடை விதிப்பதும் பயன் தரவில்லை. கண்முன் வைத்துத் தடுக்கப்பட்ட தின்பண்டத்தின்மீது குழந்தைகளின் நாட்டம் பெருகியதைப் பர்ச்சும் ஜெனிஃபர் ஃபிஷரும் 1999-இல் வெளியிட்டனர். ஊட்டி வற்புறுத்தும் பரிவும், பூட்டி வைக்கும் கண்டிப்பும் இவ்வாறு எதிர்பாராத விளைவையே தருகின்றன. உண்ணத் தகாத பண்டத்தை வீட்டில் வாங்கி ஒளித்து வைப்பதினும், வாங்காதிருப்பதே நன்று.

ஐந்து வயதுக்குட்பட்டோரின் பருமனைத் தடுக்கும் வழிகளை ஆராய அமெரிக்க மருத்துவக் கழகம் அமைத்த குழுவுக்குப் பர்ச் தலைமை தாங்கினார். அதன் அறிக்கை 2011-இல் வெளிவந்தது. இறுதிக் காலத்தில் அவர் பங்குகொண்ட ஆய்வு பிறந்த குழந்தையிடமிருந்தே தொடங்கியது. பென்சில்வேனியாவில் முதற் குழந்தையைப் பெற்ற 279 தாய்மார் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரின் வீடுகளுக்குச் சென்ற செவிலியர், அழுகை யாவும் பசியன்று என்பதையும், வயிறு நிறைந்ததைக் குழந்தை உணர்த்தும் குறிகளையும் கற்பித்தனர். மற்றப் பிரிவினருக்கு வீட்டுப் பாதுகாப்பு பற்றி மட்டுமே கற்பிக்கப்பட்டது. மூன்று வயதில், உயரத்துக்கேற்ற எடையின் குறியீடு முதற் பிரிவுக் குழந்தைகளிடம் சிறிதளவு குறைந்திருந்தது. 2018-இல் வெளியான இம்முடிவின் அளவு சிறிதேயாயினும், அதற்கு மருந்தோ பத்தியமோ தேவைப்படவில்லை. போதும் எனக் குழந்தை வாயை மூடிக்கொள்ளும்பொழுது கரண்டியைக் கீழே வைப்பது எவ்வீட்டிலும் இயலும்.