சஹ்யாத்திரியின் செந்தேன்சிட்டு

புனே நகரில் குடியேறி வாழும் நம்மவர் பலர், மாடத்துச் செம்பருத்தியின் முன் சிறகடிக்கும் சிறு பறவையை ரீங்காரச்சிட்டு என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. உண்மையில் ரீங்காரச்சிட்டு வாழ்வது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே. அங்கு 300க்கும் மேற்பட்ட இனங்கள் உள. நாம் காண்பது தேன்சிட்டு. மராத்தியர் சூரியபட்சி என்பர்.

இரண்டும் ஒரு குலத்தன அல்ல. மலரின் ஆழத்திலுள்ள தேனை உறிஞ்சும் ஒரே தொழில், இரண்டிற்கும் நீண்ட அலகையும் குழல் போன்ற நாவையும் தந்தது. ரீங்காரச்சிட்டு வானில் நிலைத்து நின்று தேனுண்ணும்; பின்னோக்கியும் பறக்கும். தேன்சிட்டோ பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே உண்ணும்.

புனேயில் ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் எளிதில் தென்படும். இவற்றினும் அரியது மேற்கு மலைகளுக்கு உரிய செந்தேன்சிட்டு. ஆண் பறவையின் முதுகு ஆழ்ந்த செந்நிறம். செம்மார்பில் மஞ்சட் கீற்றுகள். வயிறு சாம்பல் நிறம். பெண் பறவை பகட்டில்லாத மங்கிய பச்சை நிறத்தது. தக்காணத்துப் பறவைகளை ஆராய்ந்த ஸைக்ஸ் என்னும் படை அதிகாரி இதனை 1832ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். லண்டன் விலங்கியற் கழகத்தின் முதற் செயலாளரான விகர்ஸின் பெயரையே இதற்குச் சூட்டினார்.

தென் குஜராத்தின் டாங் காடுகளிலிருந்து சஹ்யாத்திரித் தொடர் வழியே தெற்கு நோக்கி நீளும் குறுகிய மலைப்பகுதியே இதன் தாயகம். உலகில் வேறெங்கும் இஃது இல்லை. புனேயிலிருந்து லோணாவளா, பீமாசங்கர் காடுகளுக்குச் செல்வோர் இதனைக் காணக்கூடும். முள்முருங்கையும் புல்லுருவியும் பூக்கும் இடங்களை இது நாடும். தேன் தந்த மலருக்கு மகரந்தம் சுமந்து கைம்மாறு செய்யும்.

அழிவு அச்சம் குறைந்த இனம் என்றே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை வகைப்படுத்தியுள்ளது. ஆயினும் நாம் வாளாவிருத்தல் தகாது. பரந்த நிலத்தில் வாழும் பறவைக்கு ஒரு காடு அழிந்தால் மற்றொரு காடு உண்டு. ஒரு மலைத்தொடரையே நம்பிய பறவைக்குப் புகலிடம் ஏது? சரிவுகளில் மரம் வெட்டி மனைகள் எழுப்புந்தோறும் அதன் வீடு சுருங்குகிறது. மராத்தியச் சிற்றூரார் தெய்வத்தின் பெயரால் காத்துவரும் 'தேவராய்' என்னும் சோலைகளும், 1985இல் அமைந்த பீமாசங்கர் சரணாலயமும் இன்று இத்தகைய உயிர்களுக்கு அரணாக நிற்கின்றன. நம் ஊர்களின் கோயிற்காடுகளை அறிந்தோர்க்கு இவ்வழக்கம் புதிதன்று.

நகரத்தாராகிய நாமும் செய்யத்தக்கன உண்டு. தேன்சிட்டு தன் குஞ்சுகளை வளர்ப்பது பூச்சிகளையும் சிலந்திகளையும் ஊட்டியே. ஆதலால் செடிகளுக்கு நஞ்சு தெளித்தலைத் தவிர்ப்போம். மாடத்துக் கம்பியில் சிலந்தி நூலால் பின்னித் தொங்கும் கூட்டைக் குப்பையென்று களையாதிருப்போம். இடமிருப்பின் ஒரு முள்முருங்கையேனும் நடுவோம். நமக்கு வாழ்வளித்த மண்ணிற்கு நாம் செய்யும் நன்றி அதுவாகும்.